ஓடைக்கரையில் நான் கண்டுபிடித்த எரிமலை

இந்த வருஷம் பள்ளிக்கூட வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, என் அனுபவத்திலிருந்து நாலு நல்ல விஷயம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு வாரம் யோசித்துப் பார்த்தேன். நல்ல விஷயம் நாலு தேறவில்லை. முட்டாள்தனம் ஒன்று முழுசாக இருக்கிறது, கெடாமல் வைத்திருக்கிறேன். அதைத் தருகிறேன்.

நான் படித்தது விலங்கியல். தவளையின் வயிற்றைத் திறந்து ஒவ்வொரு உறுப்புக்கும் பேர் சொல்லத் தெரியும். அதை நம்பித்தான் சாமளாபுரம் பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் வந்து சேர்ந்தேன். அப்போது நாங்கள் இன்னும் கோயம்புத்தூர் மாவட்டம். தலைமையாசிரியையை ஊரே பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிடும். முதல் நாளே அவர் மூன்று புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

"ஆறு, ஏழு, எட்டு, மூணுக்கும் புவியியலும் நீங்களே எடுத்துக்குங்க சார்."

"டீச்சர், நான் விலங்கியலுங்க."

"அதனால என்னங்க? விலங்கெல்லாம் பூமி மேலதானுங்க நடக்குது."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று ஓய்வு பெற்றும் எனக்குத் தெரியவில்லை.

முதல் மாதம் ஏழாம் வகுப்பில் நிலநடுக்கம். புத்தகத்தில் உள்ளபடி, "காலுக்குக் கீழே நிலம் அதிர்வதை யாராவது உணர்ந்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். ஒரு கையும் எழாது, அந்த அமைதியில் பாடத்தைக் கம்பீரமாகத் தொடங்கலாம் என்று கணக்கு. வகுப்பு முழுசும் கை தூக்கியது.

"எப்பக் கண்ணு?"

"டெய்லிங்க சார். ஊட்ல தட்டு டம்ளரெல்லாம் ஆடுமுங்க."

"இப்பக்கூட ஆடுதுங்க சார், பெஞ்சுல கை வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். ஆடத்தான் செய்தது. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடும் தறிக்குடோன். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு தறி. நான் கணியூர்க்காரன். நெல்லும் கரும்பும் தெரியும். பனியன் போட்டுக்கொள்ளத் தெரியும். மற்றபடி துணி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கடையிலிருந்து என்று சொல்லக்கூடிய ஆள். சமாளிக்க நினைத்து, "சரி, அது எப்ப நிக்கும்?" என்றேன்.

"கரண்ட்டு போனா நின்னுருமுங்க சார்."

பரீட்சையில் ஒரு பையன், நிலநடுக்கத்தைத் தடுக்க மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தான். அரை மார்க் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள்.

அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தேன். இனிப் பாடத்தைப் புத்தகத்திலிருந்து தொடங்கக் கூடாது, பிள்ளைகள் கையில் இருப்பதிலிருந்து தொடங்க வேண்டும். நல்ல முடிவுதான். வம்பே அங்கிருந்துதான் வந்தது.

எட்டாம் வகுப்பில் பாறைகள் பாடம் வந்தபோது, "நாளைக்கு ஆளுக்கொரு கல் கொண்டு வாங்க, எங்கிருந்து வந்துச்சுன்னும் கேட்டுக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். ஜல்லி வந்தது, உடைந்த அம்மித் துண்டு வந்தது, குலதெய்வக் கோயிலிலிருந்து எடுத்துவந்த ஒரு கல்லைத் திரும்ப வைத்துவிட்டு வரும்படி ஒருவனைப் பயந்துபோய் அனுப்பினேன். இன்னொருவன் மாத்திரை டப்பாவைத் திறந்து, "எங்க அப்புச்சி கிட்னில இருந்து எடுத்ததுங்க சார்" என்றான். தீப்பாறையா, படிவுப் பாறையா, உருமாறிய பாறையா என்று வகுப்பே என் முகத்தைப் பார்த்தது. டப்பாவோடு பெரிய டீச்சரிடம் ஓடினேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "கொஞ்சங் கொஞ்சமாப் படிஞ்சதுதானுங்களே சார், படிவுப் பாறைன்னு எழுதிக்குங்க" என்று டப்பாவை மூடிக் கொடுத்தார்.

அதே நாளில்தான் நாலு பிள்ளைகள் ஒரே மாதிரிக் கல் கொண்டுவந்தார்கள். கைப்பிடி அளவு. உடம்பெல்லாம் பொத்தல். எடையே இல்லை. மேலே பழுப்புக் கறை. பொத்தல்களுக்குள் நீலமாக, பொசுபொசுவென்று ஏதோ. ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில் கிடந்ததாம். ஒரு பையன் அதைத் தண்ணீர் வாளியில் போட்டான். மிதந்தது.

மத்தியானமே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். கரை நெடுகக் கல். நூலகத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருந்தது, அதில் பார்த்தேன். நுரைக்கல். எரிமலைக் குழம்பு நுரைத்துக் குளிரும்போது உண்டாவது. நீரில் மிதக்கும்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. சாமளாபுரத்துக்குப் பக்கத்தில் எரிமலை இருந்திருக்கிறது! இத்தனை நூற்றாண்டாக ஒருத்தன் கண்ணிலும் படாமல், ஒரு விலங்கியல் வாத்தியார் சைக்கிளில் வரட்டும் என்று காத்திருக்கிறது! பழுப்புக் கறை இரும்புத் தாது என்று முடிவு செய்தேன். நீலப் பொசுபொசுப்பு, ஆதிகாலத்துப் பாசி. கல்லாகிப்போன பாசி எப்படிப் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் என்று கேட்க என் மூளையில் அன்று ஆள் இல்லை.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. திருப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு 'உடம்பெல்லாம் பொத்தல்' என்ற இடத்திலேயே தெரிந்திருக்கும். பின்னலாடையைப் பழைய துணி மாதிரி வெளுத்துக் காட்ட, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் நுரைக்கல்லை மருந்தில் நனைத்து, துணியோடு சேர்த்து மெஷினில் சுழற்றுவார்கள். கல் தேய்ந்து சிறுத்ததும் வெளியே கொட்டுவார்கள். என் இரும்புத் தாது, மருந்துக் கறை. என் ஆதிகாலத்துப் பாசி, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் போட்டுக்கொள்ளப்போகும் பனியனின் பிசிறு.

வகுப்பில் ஒருத்திக்கு மட்டும் இது முழுசாகத் தெரியும். எஸ்தர். திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பாவுக்கு முதுகு போய்ப் படுக்கையில் இருந்தார். அம்மா வாஷிங் பட்டறையில் வேலை. வீட்டுக்கு வந்த சம்பளம் அது ஒன்றுதான். கல் போட்டுத் துவைக்கும் பட்டறை அந்தப் பக்கம் ஒன்றே ஒன்று. அவள் அம்மா வேலை பார்த்தது அதில்தான்.

நான் கரும்பலகையில் எரிமலை வரையத் தொடங்கியதுமே எழுந்தாள். "சார், இந்தக் கல்லு வந்து..."

"இரு கண்ணு, வாத்தியார் முடிச்சுக்கட்டும்."

முடித்தேன். மறுபடி எழுந்தாள். "சார், எங்க அம்மை வேல பாக்குத எடத்துல..."

"அம்மா கதையெல்லாம் அப்பறம். இப்ப எரிமலை."

மூன்றாவது தடவை கை மட்டும் பாதி தூக்கினாள். நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவள் என்னமோ சொல்ல வருகிறாள் என்று தெரியாமல் திரும்பவில்லை. என்னவாகவோ இருக்கும், என் எரிமலைக்கு ஆகாது என்று உள்ளுக்குள் ஒரு மூலைக்குத் தெரிந்துதான் திரும்பினேன். பிறகு அவள் எழவே இல்லை.

பல்லடத்தில் ஒன்றிய அளவில் அறிவியல் கண்காட்சி வந்தது. 'எங்கள் ஊர் எரிமலை' என்று பேர் கொடுத்துவிட்டேன். திணறாமல் பேசக்கூடியவள் என்று விளக்கம் சொல்ல எஸ்தரையே தேர்ந்தெடுத்தேன். வெளியூர் கூட்டிப்போகப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அவள் அம்மா சாப்பாட்டு நேரத்தில் பட்டறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். விரல் நகமெல்லாம் பழுப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதிய. பிள்ள அங்கன வந்து கம்பெனியப் பத்தி ஒரு வார்த்த பேசிரக் கூடாது. கல்ல ஓடைல தட்டுதது வெளிய தெரிஞ்சா யாரு சொன்னான்னுதான் மொதல்ல தேடுவாவ. எனக்கு அந்த வேல போச்சுன்னா ஊருக்குத்தான் பஸ் ஏறணும். இவ படிப்பும் அதோட சரி."

அது சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில் கலக்கும் வழக்கு கோர்ட்டில் நடந்துகொண்டிருந்த காலம். பட்டறைக்காரர்கள் நிழலைப் பார்த்தாலே பயந்தார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்த அம்மா 'கல்ல ஓடைல தட்டுதது' என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னதும் காதில் விழுந்தது. ஆனால் என் மண்டைக்குள் எரிமலை குறுக்கே நின்றது. "கம்பெனிக்கும் இதுக்கும் என்னங்கம்மா சம்பந்தம்? நாங்க எரிமலை பத்தித்தான் பேசறோம்" என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். நான் நடிக்கிறேனா, நிஜமாகவே இப்படித்தானா என்று அவருக்கும் குழப்பம்.

"ஆமா சார். எரிமலைன்னே இருக்கட்டும். அதுதான் எல்லாத்துக்கும் நல்லது."

என் கண்டுபிடிப்புக்குக் கிடைத்த முதல் ஆதரவு என்று அதைப் பெரிய டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சாப்பாட்டுத் தூக்கை மூடியவர், மூடியைச் சரியாகப் பொருத்த ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

கண்காட்சியில் எங்களைத் தவிர ஆறு எரிமலை. எல்லாம் களிமண், சோடா மாவும் குங்குமமும் போட்டு நுரை தள்ளுகிற ஜாதி. அசல் கல் எங்களிடம் மட்டும்தான். நல்லதாகப் பார்த்து எடுத்து, தூசு படாமலிருக்க வாளித் தண்ணீரில் போட்டு மூடி, பத்து நாளாகத் திறக்காமல் வைத்திருந்தேன். பட்டு அங்கவஸ்திரம் மட்டும்தான் போடவில்லை, மற்றபடி கல்யாண வீட்டு மாமனார் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

நடுவராக வந்தவர் கல்லூரியில் நிலவியல் சொல்லிக் கொடுக்கும் ஓர் அம்மா. கூட உதவித் தொடக்கக் கல்வி அலுவலர். அவருக்குப் பின்னால் நோட்டும் பேனாவுமாக உள்ளூர் நிருபர் ஒருவர். எரிமலை என்றதும் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்திருந்தார்.

எஸ்தர் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். குரலில் உயிர் இல்லை. கடைசியில் கல்லை எடுத்துக் கண்ணாடித் தொட்டியில் விட்டாள்.

மூழ்கிவிட்டது.

இன்னொன்றை விட்டாள். அதுவும். மூன்றாவது கொஞ்சம் யோசித்துவிட்டு மூழ்கியது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. பத்து நாளுக்கு முன்னால் மிதந்த கல்! தொட்டியைத் தட்டினேன், கல்லைத் திருப்பிப் போட்டேன், தண்ணீரை மாற்றலாமா என்று பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

என் முகத்தைப் பார்க்க அந்தப் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை போல. சட்டென்று சொன்னாள்: "ரொம்ப நாள் ஊறிருச்சு மேடம். பொத்தலுக்குள்ள தண்ணி போயிட்டு. வெயில்ல ரெண்டு நாள் காயப் போட்டா மறுபடி மிதக்கும்."

நடுவர் நிமிர்ந்தார். அன்றைக்கு அந்த ஹாலில் அவர் கேட்ட முதல் சரியான விஷயம் அதுவாகத்தான் இருக்கும். "அட! எப்படிக் கண்ணு தெரியும்?"

எஸ்தரின் வாய் மூடிக்கொண்டது. அவள் அம்மா தினமும் பட்டறை வாசலில் கல் காயப்போடுவதை அவள் பார்த்திருக்கிறாள். வேறு எப்படித் தெரியும்? இதற்குள் நடுவர் கொண்டை ஊசியை எடுத்து ஒரு பொத்தலைக் கிளறி, என் ஆதிகாலத்துப் பாசியை வெளியே இழுத்திருந்தார். விரலில் வைத்து உருட்டினார். நூலாக நீண்டது.

"இது என்னங்க சார்?"

"பாசிங்க மேடம். ரொம்பப் பழசு."

"பாசியா? நம்ம ஊருப் பாசி நல்லா நூலாட்டமா வருதுங்களே."

சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக் குடும்பம். அடக்க முடியாமல் சிரித்தார்கள். நடுவர் மட்டும் சிரிக்கவில்லை. எஸ்தரிடம் குனிந்து, "இந்தக் கல்லு ஓடைக்கு எங்கிருந்து வந்துச்சு கண்ணு? உனக்குத் தெரியும்ல?" என்றார். நிருபரின் பேனா நோட்டில் இறங்கியது. அலுவலர் காதைக் கொடுத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் எல்லாம் ஒரே சமயத்தில் என் தலையில் விழுந்தது. மூன்று தடவை எழுந்து நின்றது, பழுப்பு நகம், எரிமலைன்னே இருக்கட்டும் என்றது. உண்மையைச் சொன்னால் அவள் அம்மாவின் வேலை. சொல்லாவிட்டால் நடுவர் கேட்ட கேள்விக்கு ஒரு நல்ல மாணவி பொய் சொல்ல வேண்டும், அதுவும் கல் எங்கிருந்து வந்தது என்று கேள் என நான் சொல்லிக் கொடுத்த பாடத்திலேயே. யோசிக்க எனக்குப் பத்து விநாடி இருந்திருக்கும். அதில் ஐந்தை மூழ்கிக் கிடந்த கல்லைப் பார்ப்பதில் செலவழித்தேன்.

"மேடம், எரிமலைன்னது என் தப்புங்க. ஓடைல கெடந்துச்சு, அள்ளிக்கிட்டு வந்துட்டேன். அதுக்கு முந்தி எங்க இருந்துச்சுன்னு யாரையும் கேக்கலீங்க. காயப் போட்டா மிதக்கும்ங்கறதும் நான்தான் இவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

நடுவர், கல் மூழ்கியபோது நான் முழித்த முழியைப் பார்த்தவர். ஆனாலும் எஸ்தரை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு நிமிர்ந்துவிட்டார். நிருபர்தான் விடவில்லை.

"எந்தக் கம்பெனிக் கல்லுங்க சார்?"

"எனக்கெப்படிங்க தெரியும்? நான் விலங்கியல்."

ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பில் நாங்கள் தப்பித்தோம். அலுவலர் மட்டும் போகும்போது, "அடுத்த வருஷம் தவளை கொண்டாங்க சார்" என்று தோளில் தட்டினார்.

தப்பித்தோம் என்று நான் நினைத்தது பஸ் ஏறும் வரைக்கும்தான். எஸ்தர் ஜன்னலோரம் மடியில் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். காரணம்பேட்டை தாண்டியதும் கேட்டாள்.

"சார், கம்பெனி தெரியாதுன்னு எங்க அம்மைக்காகத்தான சொன்னிய?"

"ஆமா கண்ணு."

"காயப் போட்டா மிதக்கும்னு நீங்க சொல்லிக் குடுத்தேன்னியளே?"

"அதுவும் அதுக்குத்தான்."

வாளிக்குள்ளிருந்து ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரை உதறினாள். "அது நானா கண்டுபிடிச்சது சார்."

தம்பி தங்கைகளே, முப்பது வருஷத்தில் என்னை இன்ஸ்பெக்ஷனில் திட்டியிருக்கிறார்கள், மெமோ கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தின் பக்கத்தில் ஒன்றும் நிற்காது. அவளைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று, அந்த மேஜையிலேயே சரியாக இருந்த ஒரே விஷயத்தை அவளிடமிருந்து பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக எட்டாம் வகுப்பில் எரிமலையை அழித்தேன். காய்ந்த கல் ஒன்று, ஊறிய கல் ஒன்று மேஜையில் வைத்து, "இது ஏன் மிதக்குது, அது ஏன் முழுகுதுன்னு எனக்குத் தெரியாது. எஸ்தருக்குத்தான் தெரியும். பல்லடத்துல நான் சொன்னது பொய்" என்றேன். அவள் வந்து பாடம் நடத்தினாள். நான் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். பெஞ்சு ஆடிக்கொண்டே இருந்தது.

அவளுக்குச் செய்தது ஒரு மாதிரி சரியானது. ஓடைக்குச் செய்தது? கல் கொட்டுகிறார்கள் என்று தெரிந்துகொண்டே தெரியாது என்று சொன்னவன் நான். அதே ஓடையில்தான் ஊர் மாடு தண்ணீர் குடித்தது. பெரிய டீச்சரிடம் போய்ப் புலம்பினேன்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமுங்களா டீச்சர்?"

"எரிமலை இல்லீன்னு தெரியுமுங்க. நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்களா, எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க." தப்பு தன் மேலும் உண்டு என்கிற மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "பெத்தவங்க எல்லாரும் சேந்து ஒரு மனு குடுக்கலாமுங்க. ஓடைல கல்லும் சாயத்தண்ணியும் வருது, மாடு குடிக்குது, பிள்ளைங்க எறங்குதுன்னு. தனியா ஒருத்தரு சொன்னா அவங்களைத் தேடுவாங்க. எழுபது பேர் சொன்னா யாரைத் தேடுவாங்க?"

கையெழுத்து வாங்க ஒரு வாரம் ஆனது. தறிக்காரர்கள் போட்டார்கள், விவசாயம் பார்ப்பவர்கள் போட்டார்கள், பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களில் சிலர் யோசித்துவிட்டுப் போட்டார்கள். எஸ்தர் வீட்டுக்கு மட்டும் நாங்கள் போகவில்லை. போனால் அந்த அம்மாவைப் பார்த்து என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்காமல் விட்டால் என்ன அர்த்தம் என்றும் தெரியவில்லை.

அந்த மனுவால் கல் வருவது நின்றது. தண்ணீரின் நிறம் நான் மாறுதலாகிப் போகும் வரை மாறவில்லை. எந்த உண்மையை, எந்த நேரத்தில், யார் வாயால் சொல்ல வேண்டும் என்பது எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான். உங்களுக்குத் தெளிவான பதில் கிடைத்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள். கை தூக்கிய பிள்ளையை உட்கார வைக்காதீர்கள் என்பது ஒன்றுதான் குழப்பமில்லாமல் தெரியும்.

மனுவை அனுப்புவதற்கு முதல் நாள் சாப்பாட்டு நேரம். எஸ்தரின் அம்மா வாசலில் நின்றார், யாரும் கூப்பிடாமல். உள்ளே வந்து தாளை வாங்கி, மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பாதியில் விரல் நின்றது. எழுபது கையெழுத்துக்கு நடுவே ஒரு வரி காலியாக இருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவே இல்லை. பெரிய டீச்சர் ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா பேனாவைக் கேட்டு வாங்கினார். பழுப்பு நகத்தோடு, மேலேயும் கீழேயும் இடிக்காமல், அந்த ஒரு வரிக்குள் அடக்கமாகப் பேரை எழுதினார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எரிமலையே நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு, மணி அடிப்பதற்குள் பட்டறைக்கு ஓடினார்.